ஹவ்லண்ட் பரம்பரையா? கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தோம்

“இதைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டபடி பென் டிரைவ் ஒன்றை என்னிடம் நீட்டினார் அந்தப் பெரியவர். 2024 அக்டோபரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் தங்கியிருந்த நேரம் அது. பெரியவர் பக்கத்து வீட்டுக்காரர். வயது 81. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா?

பென் டிரைவில் இருந்தது அவருடைய குடும்ப மரம். மொத்தம் 13 பெயர்கள். கீழே அவர் பெயர். உச்சியில் ஜான் ஹவ்லண்ட். 1620ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்து, பிளிமத் என்னும் குடியேற்றத்தை உருவாக்கிய 102 பயணிகளில் ஒருவர். “நாம் ஹவ்லண்ட் வம்சம்” என்று பெரியவரின் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதை நம்பி, ஓர் இணைய தளத்தில் யாரோ போட்டிருந்த மரத்தை அப்படியே டவுண்லோட் செய்திருந்தார். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை, நன்றி நவிலும் நாள் விருந்தன்று, சட்டம் போட்டுப் பேத்திக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பிரிண்ட் கொடுக்கும் முன் பக்க அளவைச் சரி செய்வதற்காகப் பைலைத் திறந்தேன். கண் தற்செயலாக ஓரிடத்தில் நின்றது. கீழிருந்து எட்டாவது பெயருக்கு எதிரே பிறப்பு 1748. அவருடைய மகன் என்று போட்டிருந்த ஏழாவது ஆளுக்குப் பிறப்பு 1757. அதாவது அப்பாவுக்கு ஒன்பது வயதில் பிள்ளை!

பெரியவரிடம் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா?” என்றார். அடுத்த நான்கு வாரங்கள், மாலை நேரங்களில், இருவரும் தேடினோம். அந்தத் தேடலில் பயன்படுத்திய வழிகளைத்தான் இங்கு தருகிறேன். அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடும் நண்பர்கள் உங்களுக்கும் இருக்கலாம். அவர்களுக்கு உதவிட இது பயன்படும்.

கீழிருந்து மேலே செல்லுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் செய்யும் முதல் தவறு, புகழ் பெற்ற மூதாதையரிடமிருந்து தொடங்கி இறங்கி வருவது. ஹவ்லண்டுக்குப் பத்துப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரின் வாரிசுகள் இன்று எண்ணிலடங்காதவர்கள். அமெரிக்க அதிபர்களாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. மேலிருந்து இறங்கினால், நமக்கு வேண்டிய பெயர் எங்காவது ஒரு கிளையில் கண்டிப்பாகத் தென்படும். அந்தப் பெயர் உள்ளவர் நம்மவர்தானா என்பது வேறு கேள்வி.

எனவே நம்மிலிருந்து தொடங்கி அப்பா, தாத்தா என ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். 13 பேர் என்றால் அவர்களுக்கு இடையே 12 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்புக்கும், இவர் இன்னாருடைய மகன் என்று சொல்லும் ஓர் ஆவணம் தேவை. பதினொன்று சரியாக இருந்து ஒன்று தவறினாலும், அதற்கு மேல் உள்ளவை வேறு யாரோ ஒருவரின் குடும்பம்.

இலவசமாகத் தேட பேமிலி சர்ச்

கட்டணம் வாங்கும் தளங்கள் பல உள்ளன. நாங்கள் பயன்படுத்தியது, 1999இல் தொடங்கப்பட்ட பேமிலி சர்ச் என்னும் இலவசத் தளம். ஒரு பயனர் கணக்கு மட்டும் திறந்துகொள்ள வேண்டும். சர்ச் மெனுவில் ரெக்கார்ட்ஸ் என்பதைக் கிளிக் செய்து பெயர், ஊர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு ஆகியவற்றைத் தந்தால் பட்டியல் கிடைக்கும்.

பட்டியலில் வருவது, ஆவணத்தைப் படித்து யாரோ டைப் செய்த சுருக்கம்தான். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூல ஆவணத்தின் படமும் இருந்தால் கட்டாயம் திறந்து பாருங்கள். சுருக்கத்தில் விட்டுப்போன மனைவியின் பெயரும், அடுத்த வீட்டில் குடியிருந்த மாமனாரின் பெயரும் படத்தில் இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, அதாவது சென்சஸ், எடுக்கிறார்கள். 72 ஆண்டுகள் கழிந்த பின்னரே பெயர்களை வெளியிடுவார்கள். 1950ஆம் ஆண்டின் கணக்கு 2022 ஏப்ரலில் வெளியானது. அதைத் திறந்தபோது, அப்பா அம்மாவுக்குக் கீழே ஏழு வயதுச் சிறுவனாகப் பெரியவரின் பெயரே இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “எங்கள் பழைய வீட்டு எண்” என்றார். முதல் இணைப்பு முடிந்தது.

சென்சஸைப் பயன்படுத்தும்போது கீழே உள்ளவற்றை நினைவில் வையுங்கள்.

1. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880 முதல்தான் பதிவாகியுள்ளது.

2. 1850 முதல் 1870 வரை வீட்டில் உள்ளவர்களின் பெயர்கள் இருக்கும், உறவு இருக்காது. 1850, 1860இல் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைப் பெரும்பாலும் பெயர் இல்லாமலே தனிப் பட்டியலில் எழுதினார்கள்.

3. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

4. 1890ஆம் ஆண்டின் கணக்கு 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அது கிடைக்கவில்லை என்று நாள் கணக்கில் தேட வேண்டாம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தவருக்கு ஒரு வசதி உண்டு. 1841 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை மாநில அளவில் பதிவாகியுள்ளன. அதற்கு முந்தியவற்றுக்கு, ஊர் ஊராக 1850 வரையிலான பதிவுகளைத் தொகுத்துப் புத்தகங்களாக வெளியிட்டிருக்கிறார்கள். இவற்றில் பல, இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றின் துணையோடு இரண்டே வாரத்தில் ஆறு இணைப்புகளைக் கடந்து, 1757இல் பிறந்த ஏழாவது ஆளிடம் வந்துவிட்டோம்.

எழுத்து மாறினாலும் பிடிக்கும் சவுண்டெக்ஸ்

பழைய ஆவணங்களில் ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். காதில் விழுந்தபடி எழுதினார்கள். இதற்காக உருவானது சவுண்டெக்ஸ் என்னும் முறை. 1918இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் தருவார்கள். எல் என்றால் 4, எம் மற்றும் என் என்றால் 5, டி என்றால் 3. அதன்படி ஹவ்லண்ட் என்ற பெயருக்கு எச் 453. ஹாலண்ட் என்ற பெயருக்கும் அதே எச் 453. ஹவ்லண்ட் என்று தேடிக் கிடைக்காதவர், ஹாலண்ட் என்று பதிவாகியிருந்தாலும் இந்த முறையில் அகப்படுவார். ஆனால் ஹாலண்ட் குடும்பத்தார் அத்தனை பேரும் கூடவே வந்து நிற்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எக்ஸெல் கைவிடும் இடம்

ஆண்டுகளை ஒப்பிட நான் வழக்கம்போல் எக்ஸெல் தொகுப்பைத் திறந்தேன். 1757ஆம் ஆண்டுத் தேதியைக் கொடுத்து வயதைக் கணக்கிடச் சொன்னால் பிழைச் செய்திதான் வந்தது. காரணம், எக்ஸெல் 1900 ஜனவரி 1க்கு முந்திய தேதிகளைத் தேதியாகவே ஏற்பதில்லை. வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளும். எனவே நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எண்ணாகக் கொடுத்திடுங்கள்.

இன்னொரு சிக்கல் காலண்டரில் உள்ளது. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752க்கு முன் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. அதனால் பிளிமத் பதிவில் ஜான் ஹவ்லண்ட் இறந்தது 1672 பிப்ரவரி 23 என்று இருந்தாலும், நம் கணக்கில் அது 1673. ஆய்வாளர்கள் இதை 1672/73 என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். இது தெரியாமல், ஒருவர் தன் உயிலை எழுதுமுன்பே இறந்துவிட்டார் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் எக்ஸெல்லை விட, குடும்ப வரலாற்றுக்கென்றே எழுதப்பட்ட புரோகிராம் நல்லது. கிராம்ப்ஸ் என்பது இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இரட்டை ஆண்டுகளையும், “ஏறத்தாழ” என்ற குறிப்பையும் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு தகவலுக்கும் ஆவணத்தை இணைத்து வைக்கலாம். ஒன்பது வயது அப்பாக்களைத் தானே தேடி எச்சரிக்கும் வசதியும் உண்டு. முடித்ததும் ஜெட்காம் வடிவில் சேவ் செய்திடுங்கள். 1984இல் உருவான இந்தப் பைல் வகையைக் குடும்ப வரலாற்று புரோகிராம்கள் பெரும்பாலும் எல்லாமே திறந்திடும்.

ஹவ்லண்ட் குடும்பமே ஏமாந்த கதை

ஏழாவது இணைப்பில் தேங்கி நின்றபோது பெரியவர் கேட்டார்: “அப்படியானால் என் தாத்தா பொய் சொன்னாரா?” அதற்குப் பதிலாக, ஜான் ஹவ்லண்டின் வாரிசுகளுக்கே நேர்ந்ததை அவருக்குச் சொன்னேன்.

ஹவ்லண்ட், பிளிமத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரிடம் பணியாளாக வந்தவர். நடுக்கடலில் புயலில் தூக்கி எறியப்பட்டு, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பிடித்து உயிர் தப்பியவர். அவர் மனைவி எலிசபெத், கார்வரின் பேத்தி என்று குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். புத்தகங்களிலும் அப்படியே அச்சானது.

பிளிமத் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்போர்ட் தன் கையால் எழுதிய வரலாறு ஒன்று இருந்தது. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போன அந்தக் கையெழுத்துப் பிரதி, 1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டு அச்சானது. 1897இல் மாசசூசெட்ஸுக்குத் திரும்பி வந்தது. அதன் கடைசியில் கப்பலில் வந்தவர்களின் பட்டியல். ஜான் டில்லி, அவர் மனைவி, அவர்கள் மகள் எலிசபெத் என்று அதில் தெளிவாக இருந்தது. ஹவ்லண்ட் மணந்தது அந்த எலிசபெத்தை. பெற்றோர் இருவரும் முதல் குளிர்காலத்தில் இறந்தார்கள். பயணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படி மடிந்த காலம் அது. அநாதையாக நின்ற பெண்ணுக்கு வயது 13.

இன்னும் ஒரு சான்று. எலிசபெத் 1686 டிசம்பர் 17இல் ஸ்வான்சி என்னும் ஊரில் எழுதிய உயிலில், தனக்கு வயது 79 என்கிறார். 1686இல் 79ஐக் கழித்தால் 1607. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஹென்லோ கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில், ஜான் டில்லியின் மகள் எலிசபெத்துக்கு 1607 ஆகஸ்ட் 30இல் ஞானஸ்நானம் கொடுத்ததாக இருக்கிறது. இது தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட் இதழில் 1976இல் வெளியானது. கடலின் இரு கரைகளில், 79 ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இருவர் எழுதியவை சரியாகப் பொருந்துகின்றன பாருங்கள். ஆதாரம் என்பது இதுதான். நூறு மரங்களில் ஒரே பெயர் இருப்பது, ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாக இருக்கலாம்.

அதே உயிலில், மகள்கள் லிடியா பிரவுன், எலிசபெத் டிக்கின்சன், ஹன்னா பாஸ்வொர்த் என்று திருமணத்துக்குப் பின் வந்த குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள். மகள் வழி தேடுபவர்களுக்கு உயில்கள் இதனால்தான் புதையல். “கார்வரின் பேத்தி என்று சொன்னவர்கள் பொய்யர்கள் இல்லையே. கேட்டதைச் சொன்னார்கள். உங்கள் தாத்தாவும் அப்படித்தான்” என்றேன்.

உடைந்த இணைப்பு

மேஃபிளவர் பயணிகளின் வாரிசுகளுக்கென 1897இல் தொடங்கப்பட்ட சங்கம் ஒன்று உண்டு. பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளை ஆவணங்களுடன் சரிபார்த்து அது வெளியிடும் தொகுதிகளை வெள்ளி நிறப் புத்தகங்கள் என்பார்கள். ஐந்தாம் தலைமுறையினரின் பிள்ளைகள் பெயர்களும் அவற்றில் இருக்கும். ஊர் நூலகத்தில் கேட்டுப் பார்த்தோம். மரத்தில் இருந்த 1748ஆம் ஆண்டு ஆள், ஹவ்லண்டின் வாரிசு என்பது அதில் உறுதியானது. ஆக, மரத்தின் மேல் பகுதி சரி. கீழ்ப் பகுதியை நாங்களே சரி பார்த்துவிட்டோம். நடுவில் ஒரே ஓர் இணைப்புதான் பாக்கி.

அதற்குக் கைகொடுத்தது, பேமிலி சர்ச் தளம் 2024இல் தந்த முழு வாசகத் தேடல். பழைய பத்திரங்களையும் உயில்களையும் செயற்கை நுண்ணறிவு படித்து வைத்திருக்கிறது. முன்பு நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியதை, இப்போது பெயரைக் கொடுத்துச் சில விநாடிகளில் தேடலாம். கம்ப்யூட்டர் தவறாகப் படித்த எழுத்துகளும் உண்டு, படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1748ஆம் ஆண்டு ஆளின் உயில் கிடைத்தது. மனைவி, ஆறு பிள்ளைகள், இறந்த ஒரு மகனின் குழந்தைகள் என எல்லோருக்கும் பங்கு இருந்தது. நம் ஏழாவது ஆள் அதில் இல்லை. அடுத்து, விடுதலைப் போர் வீரர்களுக்கான ஓய்வூதியக் கோப்புகளைத் தேடினோம். 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்தோம் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். ஏழாவது ஆள் அப்படிச் சொல்லியிருந்தார். பிறந்தது 1757, ஆனால் ஊர் வேறு. பக்கத்து ஊர். அங்கே, 1748ஆம் ஆண்டு ஆளின் அதே பெயரில், அவரைவிட மூத்த இன்னொருவர் வரி கட்டியிருக்கிறார். அந்த மூத்தவரின் பிறப்புப் பதிவு அகப்படவில்லை. மரம் போட்ட யாரோ ஒருவர், பதிவு இருந்த ஆளைப் பிடித்து ஒட்டிவிட்டார். அதைப் பலரும் காப்பி செய்துவிட்டார்கள்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் தெரியாதா என்று கேட்கலாம். பொதுவாகச் செய்யும் சோதனை ஐந்து, ஆறு தலைமுறை வரைதான் நம்பிக்கையாகச் சொல்லும். பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே நமக்கு 4,096 மூதாதையர் இடங்கள். அவர்களில் பலரிடமிருந்து கண்டறியும் அளவுக்கு நம்மிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் டி.என்.ஏ. சோதனை வெகு தொலைவு செல்லும். ஆனால் நடுவில் ஒரு பெண் வந்தாலும் அந்த வழி அறுந்துவிடும். பெரியவரின் மரத்தில் இரண்டு இடங்களில் அப்படி இருந்தது.

பேத்திக்குக் கொடுத்த தாள்

நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மாலை அவரே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மேலே இருந்த ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டெலீட் கீயை அழுத்தினார். கடைசியாக ஜான் ஹவ்லண்ட் பெயர் வந்தபோது மட்டும் சற்று நின்றார். பிறகு அதையும் அழுத்தினார். ஏழாவது ஆளுக்கு மேலே ஒரு காலிக் கட்டம் போடச் சொன்னார். அதில் “தெரியவில்லை, தேடுக” என்று டைப் செய்தார்.

அந்த ஏழு பெயர்த் தாளைத்தான் பெரிதாக பிரிண்ட் எடுத்தோம். உச்சியில் அந்தப் போர் வீரர். அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தின் படத்தையும் கீழே சேர்த்தோம். விருந்தன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். பேத்தி முதலில் விரல் வைத்தது அந்தக் காலிக் கட்டத்தின் மேல்தான். “இது யார் தாத்தா?” என்றாள். “அதை நீ கண்டுபிடி. பைல் உன் பெயரில் இருக்கிறது” என்றார் பெரியவர்.

எட்டாவது தலைமுறையில் ஒருவருக்கு 128 மூதாதையர் இடங்கள் உண்டு. நாங்கள் பார்த்தது அதில் ஒன்றே ஒன்று. வேறொரு வழியில் ஹவ்லண்ட் அங்கே நிற்கவும் கூடும். அதையும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்களும் யாருக்காவது இப்படி உதவினால் நான்கை மறந்துவிடாதீர்கள். அடுத்தவர் மரத்தைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இல்லாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். உயிருடன் இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். பைலுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திடுங்கள்.